கட்டற்ற மென்பொருளைக் காசுக்கு விற்ற கடைக்காரர் தவறு செய்தாரா?

பதிவு 1 — வகுப்பறைச்சாளரம்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் என் வகுப்பில் எழுந்த வாக்குவாதம் ஒன்றை என்னால் முறையாக முடித்துவைக்க இயலவில்லை. அதனால் அதை இங்கே கொண்டுவருகிறேன்.

எங்கள் கல்லூரிக்கு அருகில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைப் பென்டிரைவில் ஏற்றி 600 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள். அதை வாங்கிய மாணவர் ஒருவர், அதே கோப்பை டெபியனின் தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று பின்னர் அறிந்ததும், கடைக்காரர் தம்மை ஏமாற்றிவிட்டதாகக் கொதித்துப்போனார். இலவசமாகக் கொடுக்க வேண்டியதை விற்பது திருட்டு என்பது அவருடைய வாதம். வகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேர் அவர் பக்கம் நின்றார்கள். மற்றவர்கள், சொந்தக்காரரே இல்லாத பொருளை யார் என்ன விலைக்கு விற்றால் என்ன என்று கேட்டார்கள்.

இரண்டு தரப்பும் பிழை என்பது எனக்குத் தெரியும். பயன்படுத்துதல், ஆராய்ந்து மாற்றுதல், படியெடுத்துப் பகிர்தல், மாற்றியதைப் பகிர்தல் என்று கட்டற்ற மென்பொருள் நமக்குத் தரும் நான்கு உரிமைகளையும் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அப்படியானால் அந்தக் கடைக்காரர் கட்டாயம் செய்தாக வேண்டியது என்று ஏதாவது உண்டா, அல்லது அவர் எதை வேண்டுமானாலும் செய்யலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் உறுதியான விடை இல்லை. பல ஆண்டுகளாக இதைக் கற்பித்து வந்தும், உரிமத்தின் வாசகத்தை முழுமையாக நான் படித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உங்கள் விளக்கங்களை எதிர்பார்க்கிறேன்.

பதிவு 2 — கரைநிரலர்

முதலில் விலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தக் குழப்பம் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வயதே ஆனது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்து, 1984 தொடக்கத்தில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வேலையை விட்ட பிறகு, அவர் பிழைப்புக்கு வழி செய்தது ஈமாக்ஸ் என்னும் உரைத்தொகுப்பிதான். இணைய இணைப்பு உள்ளவர்கள் அதைக் காசில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். இணைப்பு இல்லாதவர்களுக்கு அவர் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு அஞ்சலில் அனுப்பினார். அதாவது, உங்கள் மாணவர் திருட்டு என்று சொல்லும் செயலை இந்த இயக்கத்தைத் தொடங்கியவரே அதன் தொடக்க ஆண்டுகளிலேயே வெளிப்படையாகச் செய்தார்.

இதைவிட அழுத்தமான எடுத்துக்காட்டு, டெபியன் போன்ற இயங்குதளங்களின் உட்கருவான லினக்ஸ் கருனியின் கதை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை முதன்முதலாக வெளியிட்டபோது தாமே எழுதிய ஓர் உரிமத்தை வைத்தார். மூலநிரலை, அதாவது மனிதர் எழுதிப் படிக்கும் வடிவிலான நிரலை, கொடுக்க வேண்டும், கைமாற்றுச் செலவுக்காகக்கூட எவரும் பணம் வாங்கக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். கேட்பதற்கு மிகவும் தாராளமாகத் தோன்றும். நெகிழ்வட்டில் படியெடுத்து நண்பர்களுக்குக் கொடுப்பவர் அந்த வட்டின் விலையைக்கூடக் கேட்க முடியாத நிலையை எண்ணிப் பாருங்கள். இணைப்பு அரிதாக இருந்த அந்தக் காலத்தில் மென்பொருள் பரவிய வழியே அதுதான். 1992இல் அவர் அந்த உரிமத்தைக் கைவிட்டு, குனூ பொதுமக்கள் உரிமமான ஜி.பி.எல்.லின் கீழ் கருனியைக் கொண்டுவந்தார். பணம் வாங்கலாம் என்ற அனுமதி வந்த பிறகுதான் லினக்ஸ் முழுப் பொருளில் கட்டற்ற மென்பொருள் ஆயிற்று.

விற்கக் கூடாது என்று தடுக்கும் உரிமம் எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தாலும் அது கட்டற்ற மென்பொருளின் உரிமம் ஆகாது. வணிகப் பயன்பாட்டுக்குத் தடை, குறிப்பிட்ட துறையினருக்குத் தடை என்பனவும் அவ்வாறே. மென்பொருளை நன்மைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்று ஜேசான் என்னும் தரவு வடிவத்துக்கான நிரலோடு வந்த உரிமத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒற்றை வரிக்காகவே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதைக் கட்டற்ற உரிமங்களின் பட்டியலில் சேர்க்கவில்லை.

பதிவு 3 — எழுத்துருத்தேடி

கரைநிரலர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் தமிழில் இந்தக் குழப்பம் ஏன் வர வேண்டும் என்பதுதான் எனக்கு நெடுநாள் வருத்தம். ஆங்கிலத்தில் காசில்லாததையும் தடையில்லாததையும் "ஃப்ரீ" என்ற ஒரே சொல் குறிப்பதால் அவர்கள் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்த இக்கட்டே இல்லை. இலவசம் வேறு, விடுதலை வேறு என்பது நம் மொழியில் ஐயத்துக்கு இடமின்றிப் பிரிந்து கிடக்கிறது. தமிழ் விக்கிப்பீடியர்கள் தங்கள் தளத்தைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்று அழைத்தபோது அந்தப் பிரிவை மதித்துத்தான் பெயர் வைத்தார்கள். அப்படியிருந்தும் நாளேடுகளிலும் பாடக் குறிப்புகளிலும் "இலவச மென்பொருள்" என்ற தொடர் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. நாம் மொழிபெயர்க்கும்போது பிறருடைய குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்துகொண்டோம் என்றுதான் நான் கருதுகிறேன்.

இதன் விலையை நான் வீட்டிலேயே கொடுத்திருக்கிறேன். என் தந்தையார் ஊர்க் கோயில்களின் வரலாற்றைப் பற்றித் தொகுத்த ஏறத்தாழ 400 பக்கங்களை 1990களின் இறுதியில் கணினியில் தட்டெழுதிவைத்தார். அவர் பயன்படுத்திய சொற்செயலியும் எழுத்துருவும் காசில்லாமல் கிடைத்தவை. அந்த எழுத்துருவுக்கென்று தனிக் குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்னும் ஒதுக்கீடு, இருந்தது. அப்போது ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்தார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டுக்குப் பின் டாப், டாம் என்னும் குறியேற்றங்களை அரசு தரப்படுத்தியும் பழைய கோப்புகள் பழையபடியே கிடந்தன. ஒருங்குறி (யூனிகோடு) வந்த பிறகு அந்தச் செயலியை உருவாக்கியவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். புதிய இயங்குதளத்தில் அது திறக்கவில்லை. மூலநிரல் கிடையாது. எழுத்துருவைத் திருத்தக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று அதனுடன் வந்த கோப்பில் எழுதியிருந்தது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று நானும் என் தங்கையும் அச்சுப்படி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, மாற்றி எழுதும் நிரல் ஒன்றை உருவாக்க எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின.

என் தந்தையார் அந்தச் செயலிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. ஆனாலும் அவர் எழுதியவற்றின் திறவுகோல் அவர் கையில் இருக்கவில்லை. 600 ரூபாய் கொடுத்து டெபியனை வாங்கிய மாணவர் கையில் அது இருக்கிறது. ஒரு சிறு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும்: டெபியன் 12 முதல் அதிகாரப்பூர்வ நிறுவல் படிமத்திலேயே சில வன்பொருள்களை இயக்கத் தேவையான, கட்டற்றவை அல்லாத தனியுரிமை நிலைபொருள்களும் சேர்ந்து வருகின்றன. எனவே அந்தப் பென்டிரைவில் உள்ள ஒவ்வொரு கோப்பும் கட்டற்றது என்று மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டாம்.

பதிவு 4 — தறிக்கூடம்

நான் மென்பொருள் துறையைச் சேர்ந்தவன் அல்லன். விசைத்தறிக் கூடங்களுக்கான கணக்குமுறை மென்பொருள் ஒன்றை இரண்டு ஊழியர்களைக் கொண்டு எழுதி விற்கும் சிறு தொழில் வைத்திருக்கிறேன். மேலே சொன்னவற்றை மதிப்போடு படித்தேன். ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பொருந்திவரவில்லை. விற்கலாம் என்கிறீர்கள். வாங்கிய முதல் ஆள் அதைப் படியெடுத்து ஊருக்கே கொடுக்கலாம் என்றும் சொல்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவது படியை யார் என்னிடம் வாங்குவார்? விற்கும் உரிமை என்பது ஏட்டில் மட்டும் இருக்கும் உரிமையாக எனக்குத் தோன்றுகிறது. அதனால் பொதுமக்கள் "இலவசம்" என்று புரிந்துகொள்வதில் பெரிய பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. நடைமுறையில் அது அங்கேதான் போய் முடிகிறது.

பதிவு 5 — கரைநிரலர்

தறிக்கூடம் அவர்களின் கேள்வி நேர்மையானது. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. படிக்கு இவ்வளவு என்று வாங்கும் முறை இங்கே நீடித்து நிற்காது என்பது உண்மை. இங்கே நிலைத்து நின்றவர்கள் பராமரிப்புக்கும் பொறுப்பேற்புக்கும் பணம் வாங்கியவர்கள். லினக்ஸ் இயங்குதளம் தரும் ரெட் ஹேட் நிறுவனம் அவ்வாறுதான் வளர்ந்தது. 2019இல் ஐ.பி.எம். அதை ஏறத்தாழ 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. எங்கும் படியெடுக்கக்கூடிய நிரலுக்கு அவ்வளவு விலை என்றால், வாடிக்கையாளர்கள் எதற்குப் பணம் கொடுத்தார்கள் என்பது தெளிவு. உங்கள் தறிக்கூடங்கள் உங்களிடம் வருவதற்கும் அதுவே காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். வரிவிகிதம் மாறிய அன்று இரவே திருத்திக் கொடுக்கும் ஆள் அவர்களுக்கு வேண்டும்.

ஆனால் எல்லோருக்கும் இது கைகூடுவதில்லை. நடைமுறையில் இலவசம்தானே என்ற எண்ணம் என்ன செய்யும் என்பதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் ஒரு சான்று. உலகின் வலைத்தளங்களில் மிகப் பெரும் பகுதி தன் மறைகுறியாக்கத்துக்கு அந்த நிரலகத்தை நம்பியிருந்தது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்னும் ஓட்டை வெளிப்பட்டு, சேவையகங்களின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களே கசியக்கூடும் என்று தெரிந்தபோதுதான், அதை ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் சிலர் பராமரித்து வந்ததையும், அவர்களுடைய அமைப்புக்கு நன்கொடையாக வந்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்தான் என்பதையும் பலர் அறிந்தார்கள். அதைக் கொண்டு ஈட்டிய நிறுவனங்கள் எத்தனையோ. காசு கேட்கவில்லை என்பதைக் காசு தேவையில்லை என்று அனைவரும் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகே பெருநிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளையின் வழியாக நிதி திரட்டின.

ஆகவே, தறிக்கூடம் ஐயா, பொதுமக்களின் இந்தப் புரிதலில் பெரிய பிழை இல்லை என்ற உங்கள் கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பிழை மென்பொருளை எழுதுபவர்களைப் பட்டினி போட்டிருக்கிறது.

பதிவு 6 — வழக்குரை

நான் பதிப்புரிமை வழக்குகளில் பணியாற்றுபவன். வகுப்பின் மற்ற பாதி சொன்னதை, அதாவது சொந்தக்காரர் இல்லாத பொருள் என்ற கருத்தை, யாரும் இன்னும் தொடவில்லை. என் பார்வையில் அதுவே இரண்டிலும் ஆபத்தான பிழை.

கட்டற்ற மென்பொருளுக்குச் சொந்தக்காரர் உண்டு. எழுதியவருக்கு முழுப் பதிப்புரிமை இருக்கிறது. அந்த உரிமையை வைத்துக்கொண்டுதான் அவர் நமக்கு அனுமதி தருகிறார். அனுமதியோடு வந்த நிபந்தனையை மீறினால் அனுமதியே இல்லாமற்போகிறது. அமெரிக்காவில் ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்றொரு வழக்கு நடந்தது. பொம்மை ரயில்களைக் கணினியால் இயக்கும் ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி, காசு வாங்காமல் வெளியிட்ட மென்பொருளின் கோப்புகளை ஒரு நிறுவனம் எடுத்துத் தன் பொருளில் சேர்த்துக்கொண்டது. எழுதியவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் வைக்கவில்லை. காசே வாங்காதவருக்கு என்ன இழப்பு என்னும் கேள்விதான் வழக்கின் நடுவே நின்றது. 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பணம் கைமாறவில்லை என்பதால் பொருளாதார நலன் இல்லை என்றாகாது என்றும், அந்த நிபந்தனைகளைப் பதிப்புரிமைச் சட்டத்தின் வழியாகவே நிலைநாட்டலாம் என்றும் தீர்ப்பளித்தது.

இதனால்தான் எழுத்துருத்தேடி அவர்கள் போற்றும் "கட்டற்ற" என்ற சொல்லின் மீதும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கட்டு என்றால் பிணிப்பு. கட்டற்றது என்றால் எந்தப் பிணிப்பும் இல்லாதது என்றே எளிய வாசகர் கொள்வார். இலவசம் என்ற சொல் ஒரு பக்கம் வழிதவற வைக்கிறது என்றால், இந்தச் சொல் மறுபக்கம் வழிதவற வைக்கிறது. உங்கள் வகுப்பு சரிபாதியாகப் பிரிந்து நின்றதற்கு இரண்டு சொற்களும் காரணம் என்று சொல்லத் தோன்றுகிறது.

பதிவு 7 — எழுத்துருத்தேடி

தங்கள் தயக்கத்தை ஒரு நாள் முழுவதும் எண்ணிப் பார்த்தேன். கட்டு யாருக்கு இல்லை என்று கேட்டால் சொல் சரியாகவே பொருந்துகிறது என்று நினைக்கிறேன். பயன்படுத்துகிறவருக்குக் கட்டு இல்லை. அவருக்குப் பிறகு வாங்குகிறவருக்கும் கட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக, அதே உரிமைகளோடும் மூலநிரலோடும் கொடுக்க வேண்டும் என்று, இடையில் நின்று கைமாற்றுகிறவர் மீது ஜி.பி.எல். ஒரு கட்டுப் போடுகிறது. ஆற்றுநீர் அனைவருக்கும் பொது என்றால், மடையை அடைக்கக் கூடாது என்ற விதி ஊருக்குத் தேவைப்படுகிறது. அந்த விதி மடைக்காரருக்குக் கட்டு, கடைசி வயலுக்கு விடுதலை. எம்.ஐ.டி., பி.எஸ்.டி. போன்ற உரிமங்கள் அந்த விதியைக்கூட வைப்பதில்லை. அவற்றையும் கட்டற்றவை என்றே ஏற்கிறோம்.

பதிவு 8 — தறிக்கூடம்

மடை உவமை எனக்கு விளங்கியது. ஆனால் அதுவே என் அடுத்த அச்சத்தைக் கிளப்புகிறது. என் அலுவலகத்தில் லிபர்ஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். சேவையகத்தில் லினக்ஸ் ஓடுகிறது. ஜி.பி.எல். நிரல் ஒன்றை எங்கள் வசதிக்காகத் திருத்தியும் வைத்திருக்கிறோம். எங்கள் கணக்குகளையும் நாங்கள் எழுதிய நிரலையும் உலகுக்குத் திறந்துவிட வேண்டும் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஜி.பி.எல். தொற்றுநோய்போலப் பரவும் என்பது அவர் பயன்படுத்திய சொல். அது உண்மையா?

பதிவு 9 — வழக்குரை

இல்லை. லிபர்ஆபிஸில் நீங்கள் எழுதும் கணக்கு உங்களுடையது. பேனா செய்தவருக்குக் கடிதத்தில் பங்கு கிடையாது. உங்கள் அலுவலகத்துக்குள் திருத்தி, உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே பயன்படுத்தும் நிரலையும் எவருக்கும் நீங்கள் காட்ட வேண்டியதில்லை. ஜி.பி.எல்.லின் கடமை, படியைப் பிறருக்குக் கொடுக்கும் செயலில் தொடங்குகிறது. அஃபெரோ உரிமம் என்னும் ஏ.ஜி.பி.எல். மட்டும் ஒரு படி மேலே போய், திருத்திய நிரலைப் பிணையத்தின் வழியாகப் பிறர் பயன்படுத்தினால் அவர்களுக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும் என்கிறது. உங்கள் சேவையகத்தில் அந்த வகை நிரலைத் திருத்திப் பயன்படுத்துகிறீர்களா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் விற்பனை மென்பொருளில் ஜி.பி.எல். நிரலைச் சேர்த்துப் பின்னி வாடிக்கையாளருக்குக் கொடுத்தால் அப்போது கடமை உண்டு. அதுவும் அந்தப் படியைப் பெற்றவருக்கு மூலநிரலோடு கொடுக்கும் கடமை. தானாக வந்து தொற்றுவது எதுவும் இல்லை. எடுத்துச் சேர்ப்பது நீங்கள் செய்யும் முடிவு.

அந்தக் கடமையைப் பெரிய நிறுவனங்களும் மறந்ததுண்டு. 2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்னும் கம்பியில்லா திசைவிக்குள் (ரவுட்டர்) லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்துக் கேள்வி எழுப்பிய பிறகே மூலநிரல் வெளிவந்தது. அதிலிருந்து கிளைத்ததுதான், இன்று எத்தனையோ திசைவிகளில் ஓடும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் கட்டற்ற இயங்குதளம். திசைவியை விலைக்கு விற்றது எவருக்கும் குறையாகப் படவில்லை என்பதைக் கவனியுங்கள். மூலநிரலைக் கொடுக்காததே குறை.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். இந்த இழையிலேயே நல்ல கேள்வி அதுதான். டெபியனில் உள்ள லினக்ஸ் கருனி ஜி.பி.எல். 2ஆம் பதிப்பின் கீழ் வருகிறது. பாஷ் போன்ற குனூ கருவிகள் 3ஆம் பதிப்பின் கீழ் வருகின்றன. ஒவ்வொரு படிக்கும் என்ன விலையும் வைக்கலாம், வைக்காமலும் விடலாம் என்று 3ஆம் பதிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. எனவே 600 ரூபாயைப் பற்றி உரிமத்துக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் பென்டிரைவ் போன்ற பொருளில் இயங்குநிரலை, அதாவது கணினி நேரடியாக இயக்கும் வடிவத்தை, வைத்து விற்பவர் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். அதற்குரிய மூலநிரலையும் உடன் கொடுக்க வேண்டும், அல்லது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் கேட்டவருக்கு மூலநிரல் தருவேன் என்று எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். டெபியன் தளத்தில் இருக்கிறதே, அங்கே போய் எடுத்துக்கொள் என்று வாயால் சொல்லிவிட்டு நகர்வது வணிக விற்பனையாளருக்குப் போதாது.

விலைக்கு வரம்பு உள்ள இடமும் இங்கேதான் வருகிறது. எழுத்து உறுதியின்படி மூலநிரல் கேட்டு வருபவரிடம், அதைப் படியெடுத்துக் கொடுக்கும் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது. இயங்குநிரலை மலிவாகக் கொடுத்துவிட்டு மூலநிரலுக்கு லட்சம் கேட்டால் உரிமை வெறும் பேச்சாகிவிடும் என்பதே அதன் காரணம். ஆக, வகுப்பு முழுவதும் உரிமம் தடுக்காத ஒன்றைப் பற்றிச் சண்டையிட்டிருக்கிறது. உரிமம் கேட்பதை அந்தக் கடைக்காரர் செய்தாரா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பென்டிரைவோடு ஏதாவது தாள் வந்ததா?

பதிவு 10 — வகுப்பறைச்சாளரம்

தாள் எதுவும் வரவில்லை.

உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று மாலை அந்த மாணவரையும் கேள்வி கேட்ட மாணவியையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் விலையைப் பற்றித்தான் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று எண்ணி, பென்டிரைவின் அடக்க விலை 380 ரூபாய், மீதி தம் உழைப்பு என்று கணக்குச் சொல்லத் தொடங்கினார். விலையில் எங்களுக்குக் குறை இல்லை, நீங்கள் 1,000 ரூபாய் வைத்தாலும் உரிமம் தடுக்காது என்று மாணவரே சொன்னபோது அவர் திகைத்துப்போனார். மூலநிரல் என்ற ஒன்றைத் தாமும் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லையாம். இவ்வளவு நாளும் ஒளித்து விற்பதுபோன்ற உறுத்தலோடுதான் இதைச் செய்து வந்ததாகவும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு மனம் கனத்தது. செய்யாத தவறுக்குக் கூசிக்கொண்டிருந்தவருக்கு, செய்யவேண்டிய ஒன்று இருப்பது மட்டும் தெரியாமலே இருந்திருக்கிறது.

ஒவ்வொரு பென்டிரைவோடும் வைப்பதற்கு அரைப் பக்க எழுத்து உறுதி ஒன்றைத் தமிழில் எழுதித் தருவதாக மாணவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விற்ற பதிப்பின் மூலநிரலைத் தனி வன்வட்டில் இறக்கி மூன்று ஆண்டுகள் வைத்திருக்கக் கடைக்காரரும் இசைந்தார். வாங்குபவர் தம் படியை விரும்பியவருக்குக் கொடுக்கலாம் என்பதையும் அந்தத் தாளில் சேர்க்கலாமா என்று மாணவி கேட்டார். விற்பனை குறையுமே என்று அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, வாங்கிப் போகிறவர்கள் பழுது வந்தால் மறுபடி தம்மிடம்தானே வருவார்கள் என்று சொல்லிச் சரி என்றார்.

வழக்குரை அவர்களே, அந்த வாசகத்தை நாளை இங்கே பதிகிறேன். ஜி.பி.எல்.லின் 2ஆம், 3ஆம் பதிப்புகள் இரண்டுக்கும் அது பொருந்துகிறதா என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள்.